பவுடர் டின்னில் கொண்டுபோன சாம்பல்

என் மனைவியின் இடது கையை உடைத்தவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை வெடி விபத்து என்று சொல்லி வந்தேன். அவளும் அப்படியே சொன்னாள். இருவரும் சேர்ந்து சொன்னதால் ஊர் நம்பியது. எங்கள் ஒரே மகளும் நம்பினாள்.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் அதற்குச் சமாதானங்கள் வந்து சேர்ந்துவிடும்.

அப்போது நான் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு மேனேஜர். வேதியியலில் முதுகலை முடித்தவன் என்பதால் முதலாளிக்கு என்மேல் மரியாதை. அது போதாமல், வீட்டு மொட்டை மாடியில் சொந்தமாகக் காகிதக் குழாய் உருட்டும் வேலையும் எடுத்திருந்தேன். காலையில் நாலு பெண்கள் வந்து மைதாப் பசை தடவி உருட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வெயிலில் காயவைத்து மாலையில் அள்ள வேண்டியது என் மனைவியின் பொறுப்பு. தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருந்தது. மதியம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கம்பெனியில் எல்லா அறைகளையும் பூட்டி ஆட்களை அனுப்பிவிட்டு நான் வீட்டுக்கு ஓடிவந்தேன். மாடியில் அத்தனை குழாயும் நனைந்து, பசை விட்டு, கூழாகக் கிடந்தது. கீழே அறையில் அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாடில என்ன கெடக்குன்னு பாத்தியா?" என்று கேட்டேன்.

"மழ சத்தமே கேக்கலீங்க" என்றாள்.

வாசல் கதவுக்குக் குறுக்கே போடும் தேக்குமரத் தாழ் சுவரில் சாத்தியிருந்தது. அதை எடுத்தேன். குழந்தையைக் கீழே கிடத்தச் சொன்னேன். அவள் கிடத்தினாள். நாலு அடி அடித்தேன். முதல் இரண்டும் முதுகில். மூன்றாவதைத் தடுக்கக் கையைத் தூக்கினாள், கை உடைந்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். கேட்ட பிறகும் நாலாவது அடியை அதே கையில் அடித்தேன். ஆத்திரத்தில் நிதானம் போய்விட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை. நிதானமாகத்தான் அடித்தேன்.

அரைமணி நேரம் கழித்து நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி இரண்டு விழுந்தது. தெருவே வெளியே ஓடியது. ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போனபோது வராந்தா முழுக்க எரிந்த ஆட்கள். வேனிலிருந்து இறக்கியவர்களைப் படுக்கவைக்க இடமில்லாமல் சுவரோரம் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு பெண்ணின் சேலையும் தோலும் ஒன்றாக ஒட்டியிருந்தன. அவள் தண்ணீர் கேட்கவில்லை. தன்கூட வேலை செய்த இன்னொருத்தியின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் மனைவிக்கு ஒரு பெஞ்சில் இடம் கிடைத்தது. தொங்குகிற கையைச் சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு எழுந்து அந்தப் பெண்ணுக்கு அந்த இடத்தைக் கொடுத்தாள்.

டாக்டர் நின்றபடியே "இவுங்களுக்கு என்ன?" என்றார்.

"வெடிச் சத்தத்துல மாடிப்படியிலேருந்து விழுந்துட்டா" என்றேன்.

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமா, சத்தத்துல விழுந்துட்டேன்" என்றாள். மறுநாள் மதுரையில் அறுத்து, இரும்புத் தகடு வைத்து, திருகாணி போட்டு எலும்பைச் சேர்த்தார்கள்.

அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு. எனக்கு மச்சான். எங்கள் கம்பெனியிலேயே ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாம் அவர் சாவியில்தான் இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கையைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். மாடிப்படியைப் பார்த்தார், கதவுத் தாழையும் பார்த்தார். மூன்றாம் நாள் கம்பெனிக்கு வந்து, பேக்கிங் செய்துகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் பார்க்க என்னைக் கன்னத்தில் அறைந்தார்.

"தாழ்ல ரத்தம் இருக்கு மாப்ள. தொடைக்கக் கூட ஒனக்கு நேரமில்லையா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் லோடு ஏற்றுகிற ஆட்கள் நாலு பேரிடம் சொல்லி அவரைக் காகிதக் குடோனுக்குள் கூட்டிவரச் செய்தேன். அவர்கள் அடித்தார்கள். நான் கதவருகே நின்றேன். அவர் விழுந்த பிறகு மிதித்தார்கள். முன்பற்கள் இரண்டு தரையில் கிடந்தன. நிறுத்தச் சொல்வேனா என்று அவர்கள் என் முகத்தைப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். பிறகு, அவர் இடுப்பிலிருந்த சாவியால் ஸ்டோரைத் திறந்து, அவருடைய சைக்கிள் கேரியரில் ஒரு பை வெடியுப்பை வைத்து, முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பட்டாசு மருந்து திருடி, லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பட்டாசு கட்டுகிறவர்களுக்கு விற்கிறார் என்று சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் கொலை செய்துவிட்டு வந்தவனுக்குக் கூட வேலை கிடைக்கும். மருந்து திருடினவன் என்று பெயர் வாங்கியவனை எந்தக் கம்பெனி கேட்டிலும் நிற்கவிட மாட்டார்கள். மச்சான் பத்து நாளில் மனைவியை அழைத்துக்கொண்டு நாக்பூருக்குப் போய்விட்டார். அங்கே பட்டாசு ஏஜென்சி வைத்திருந்த ஒருவரிடம் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். "இனி அவன் பேச்சு இந்த வீட்டுல வரக்கூடாது" என்று அவளிடம் சொன்னேன். வரவில்லை. அதன் பிறகு அவள்மேல் நான் கை வைத்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அடிக்கத் தேவையில்லாத அளவுக்கு அவள் பேச்சைக் குறைத்துவிட்டாள்.

போன ஆண்டு அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிற்று. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். கடைசி மாதத்தில் ஒருநாள், ஊசி குத்திய கையை நீட்டிப் படுத்துக்கொண்டு சொன்னாள்:

"எரிச்ச பெறகு என்னைய ராமேஸ்வரத்துக்குக் கொண்டு போயிறாதீக. எங்கண்ணன் கையில குடுங்க. ஆள் மூலமா அனுப்பக் கூடாது. நீங்களே கொண்டு போயிக் குடுக்கணும்."

நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

"உசிரோட இருக்கையில விடல. இப்ப என்ன, நானா நடந்து போகப் போறேன்?" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

நாக்பூர் முகவரியும் போன் நம்பரும் அவள் தலையணை உறைக்குள் இருந்தன. எங்கே வாங்கினாள், எத்தனை காலமாக வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் இறந்த அன்று நாக்பூருக்குப் போன் செய்தவள் என் மகள். கோயம்புத்தூரில் பள்ளி ஆசிரியை. மாமா மருந்து திருடிவிட்டு ஓடி, நாக்பூரில் பட்டாசு ஏஜென்சியில் சேர்ந்தவர் என்பதைத் தவிர அவளுக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. "நான் வந்தா அங்கன சரியா இருக்காது தாயி" என்று அவர் சொன்னாராம். சாம்பலைக் கொண்டுவருகிறோம் என்று இவள் சொன்னதற்கு, "வாங்க" என்று மட்டும் சொன்னாராம்.

அவளை விறகில் வைத்துத்தான் எரித்தோம். பாதி எரியும்போது நரம்பு இழுத்து ஒரு கை மேலே எழுந்தது. சுடுகாட்டில் வேலை செய்பவர் மூங்கில் கம்பால் இரண்டு அடி அடித்து அதை உள்ளே இறக்கினார். எல்லாப் பிணத்துக்கும் செய்வதுதான். எழுந்தது இடது கையா, வலது கையா என்று நான் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் பாலூற்றி எலும்பு பொறுக்கும்போது அவர் சாம்பலைக் கிளறி ஒரு தகட்டை எடுத்தார். கறுத்துப்போன விரல் நீளத் தகடு, அதில் ஆறு திருகாணிகள்.

"ஒடம்புல இருந்தது, ஒடம்போடயே போகட்டுங்கய்யா" என்று கலயத்துக்குள் போட்டார்.

மண்கலயத்தை விமானத்தில் கொண்டுபோனால் உடையும் என்று மகள் சொன்னாள். நான் வீட்டிலிருந்த ஒரு பவுடர் டின்னைக் கழுவிக் காயவைத்து, எலும்பையும் சாம்பலையும் அதில் மாற்றி, மஞ்சள் துணியால் கட்டினேன். அலுமினியப் பவுடர் வருகிற டின் அது. மூடி இறுக்கமாக இருக்கும். சிவகாசியில் மிளகாய்ப்பொடியும் அப்பளமும் அதில் இல்லாத வீடு கிடையாது. கம்பெனியிலிருந்து காலி டின்னைக் கொண்டுவந்து கழுவி எடுத்துக்கொள்வோம். ஆனால் மருந்து அறையில் கிடந்த டின்னில் பவுடர் மட்டும் ஒட்டியிருக்காது, வெடியுப்பும் ஒட்டியிருக்கும். மூடியின் மடிப்புக்குள் போனது எந்தக் கழுவலுக்கும் வராது. வேதியியல் படித்த எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மதுரை விமான நிலையத்தில் இறப்புச் சான்றிதழ், மயான ரசீது எல்லாம் கையில் தயாராக வைத்திருந்தேன். விமானக் கம்பெனி கவுன்ட்டரில் பார்த்துவிட்டுக் கைப்பையோடு கொண்டுபோகலாம் என்றார்கள். சோதனை இயந்திரத்துக்குள் போன டின் வெளியே வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று திரையில் தெரியவில்லையாம். பாதுகாப்புப் பணியில் இருந்த பெண் ஒரு சின்னத் துணித்துண்டால் டின்னைத் துடைத்து இன்னொரு இயந்திரத்தில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. என் இரண்டு உள்ளங்கையையும் துடைத்தார். மறுபடியும் சிவப்பு.

"எந்த ஊருங்கய்யா?"

"சிவகாசி."

"டப்பா?"

"பவுடர் டின்னும்மா. வீட்டுல எல்லாத்துக்கும் இதுதான். மொளகாப்பொடி கூட இதுலதான் போட்டு வைப்போம்."

"மொளகாப்பொடி கொண்டு வந்திருந்தா அதையும்தான் பிடிச்சிருப்போம்" என்றார் அந்தப் பெண். "பட்டாசு மருந்து டப்பாவுலயா கொண்டு வருவீங்க? வேற பாத்திரமே இல்லையா வீட்டுல?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்களை விட்டு விலகி நின்றார்கள். எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்கள். அதிகாரி ஒருவர் வந்தார். வடக்கத்திக்காரர், வயது முப்பதுக்குள் இருக்கும். தமிழ் தெரியவில்லை. அந்தப் பெண்தான் இடையில் நின்று சொன்னார். டின்னைத் திறக்கச் சொன்னார்கள். மகள் மஞ்சள் துணியை அவிழ்த்துத் திறந்தாள். அதிகாரி ஒரு பேனாவால் சாம்பலைத் தள்ளிப் பார்த்தார். தகடு வெளியே வந்தது.

"இது என்ன?"

மகள் முந்திக்கொண்டாள். "அம்மா கையில வச்ச பிளேட். நான் குழந்தையா இருக்கும்போது ஒரு பிளாஸ்ட், வெடி விபத்து. அதுல கை உடைஞ்சிருச்சு."

பிளாஸ்ட் என்ற சொல்லை மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அதிகாரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எங்கே வெடித்தது? வீட்டிலா? வீட்டில் மருந்து வைத்திருந்தீர்களா? வழக்கு உண்டா? உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார்? இப்போது எதற்காக நாக்பூர்? அங்கே யார் இருக்கிறார்கள், அவர் என்ன தொழில் செய்கிறார்? மகள் ஒவ்வொன்றுக்கும் தெரிந்ததைச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அது மோசமாகிக்கொண்டே போனது. பட்டாசுக் கம்பெனி மேனேஜர் அப்பா. வெடியில் அடிபட்ட அம்மா. நாக்பூரில் பட்டாசு ஏஜென்சியில் இருந்த மாமா. வெடியுப்பு ஒட்டிய டின். உள்ளூர்ப் போலீஸ் வந்து விசாரித்து எழுதிக் கொடுக்கும்வரை டின் இங்கேயே இருக்கட்டும், நீங்கள் வேண்டுமானால் போகலாம் என்று அதிகாரி சொன்னார். விமானத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது.

டின் அங்கே இருந்தால் என் மனைவி ஒரு போலீஸ் ஸ்டேஷன் அலமாரியில் இருப்பாள். என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"வெடி விபத்து இல்ல" என்றேன். "நான் அடிச்சு ஒடச்சது."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, என்ன சொல்றீங்க?"

"கதவுத் தாழால அடிச்சேன். அன்னைக்குத்தான் நாரணாபுரத்துல வெடிச்சுது. அது மேல பழியப் போட்டேன். இவ அம்மா எந்த வெடியிலயும் அடிபடல. வீட்டுக்குள்ள இருந்தா."

அந்தப் பெண் அதை இந்தியில் சொல்லத் தயங்கினார். அதிகாரி என்ன என்று அதட்டினார். சொன்னார். வடக்கிலிருந்து வரும் வியாபாரிகளோடு பேசிப் பழகியதில் எனக்கு இந்தி கேட்டால் புரியும். மகள் பள்ளியில் படித்திருக்கிறாள். மனைவியின் கையை இவரே உடைத்தாராம் என்ற வாக்கியத்தை இருவரும் கேட்டுக்கொண்டு நின்றோம். அதிகாரி என் கையைப் பார்த்தார். பிறகு ஒரு தாளை நீட்டி, சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று கம்பெனியில் சொல்வார்கள். அன்றும் அழகாகத்தான் வந்தது.

தகட்டையும் சாம்பலையும் தனியாகத் துடைத்துப் பார்த்ததில் சிவப்பு எரியவில்லை; சாம்பல் போகலாம், டின் போகக்கூடாது என்றார் அதிகாரி. அந்தப் பெண் வெளியே போய் டீக்கடையிலிருந்து பிஸ்கட் வைக்கும் பிளாஸ்டிக் ஜாடி ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். மகள் தரையில் உட்கார்ந்து, கையால் அள்ளி அள்ளி அதற்குள் மாற்றினாள். நான் குனிந்தேன்.

"தொடாதீங்க" என்றாள்.

நான் நிமிர்ந்தேன். கடைசித் துகள்களைச் சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள். தகட்டையும் போட்டு மூடினாள்.

சென்னையில் விமானம் மாறினோம். நாக்பூர் விமானத்தில் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் இருந்த இருக்கையைப் பார்த்தபடி கேட்டாள்:

"எத்தனை அடி?"

"நாலு."

"எத்தனாவதுல உடைஞ்சுது?"

"மூணாவதுல."

ஜாடியின் மூடியை இறுக்கினாள். "அப்ப உடைஞ்ச பிறகும் ஒண்ணு."

"ஆமா."

"எதுக்கு?"

"மழ பெஞ்சு மாடில குழாய் நனஞ்சு போச்சு. அவ பாக்கல."

"ஏன் பாக்கல?"

அங்கே நான் பொய் சொல்லியிருக்கலாம். உண்மை சொல்லத் தொடங்கியவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. "ஒனக்குக் காய்ச்சல். மடியில வச்சிருந்தா" என்றேன். அதன் பிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இதை அவளுக்குச் சொன்னது இன்னொரு அடி என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. மாமாவின் கேரியரில் வெடியுப்பை வைத்தது நான்தான் என்பதையும் இறங்குவதற்கு முன் சொல்லி முடித்தேன்.

மச்சான் வீடு ஒரு சந்துக்குள், இரண்டாம் மாடி. அக்காதான், அதாவது அவர் மனைவி, கதவைத் திறந்தார். மச்சான் லுங்கியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முன்பற்கள் இரண்டும் கட்டியவை என்று தெரிந்தது. மகளைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார்.

"இதுலயா இருக்கா?"

"ஆமா மாமா."

"சின்னதா ஆயிட்டாளே தாயி" என்றார். எழுந்து வந்து ஜாடியை இரண்டு கையாலும் வாங்கிக் கட்டில்மேல் வைத்தார். அதன்மேல் தன் துண்டைப் போட்டு மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மச்சான்" என்றேன். 

அவர் என்னை அறைந்தார். எழுபத்தெட்டு வயது, குறி தப்பும். அடி காதில் விழுந்தது. மறுபடியும் அறைந்தார். என் மூக்குக்கண்ணாடி விழுந்தது. குனிந்து செருப்பை எடுத்தார். தலையில், முகத்தில், தோளில், எங்கே படுகிறதோ அங்கே அடித்தார். நான் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. அவர் அடித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு அடிக்கும் மூச்சு இரைந்தது.

"போதும், விடுங்க, ஒங்க நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?" என்று அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தார். "கெழவன அடிச்சு என்ன வரப்போகுது?"

"நானும் கெழவன்தாண்டி. கெழவன் கெழவன அடிக்கேன். விடு."

மகள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. நானும் கையைத் தூக்கவில்லை. கையைத் தூக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அது தானாகவே மேலே வரப் பார்க்கிறது. அவர் மூச்சு முட்டிக் கட்டிலில் விழுந்த பிறகுதான் நின்றது.

தண்ணீர் குடித்துவிட்டு மகளிடம், "சாப்டியா தாயி?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. அக்கா எனக்கும் ஒரு தட்டு வைத்தார். மென்று விழுங்கும்போது உதடு எரிந்தது.

மறுநாள் காலை கன்ஹான் ஆற்றுக்கு மச்சானும் மகளும் ஆட்டோவில் போனார்கள். "நீ வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். என் மனைவி என்னைக் கொடுக்கத்தான் சொன்னாள், கரைக்கச் சொல்லவில்லை; அதனால் நானும் வருகிறேன் என்று கேட்கவில்லை. அக்கா அடுப்படியில் இருந்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். மதியம் அவர்கள் ஈரத்துணியோடு திரும்பி வந்தபோது மச்சான் என்னைத் தாண்டி இரண்டு படி ஏறி நின்றார்.

"நான் மருந்து திருடலன்னு ஊருல சொல்லு" என்றார். "போன்ல ஒருத்தன்கிட்ட சொல்றதில்ல. எல்லாரும் கூடியிருக்கையில எந்திரிச்சு நின்னு சொல்லு. சொல்லிட்டு எனக்குப் போன் போடு. அதுக்குப் பெறகு நான் வாரேன். சாகுறதுக்குள்ள ஊரப் பாக்கணும்லே."

பதினாறாம் நாள் காரியம் விருதுநகரில் எங்கள் சமூக மண்டபத்தில் நடந்தது. என் ஊர்க்காரர்கள், அவள் வழியில் தூரத்து உறவு, பழைய கம்பெனி ஆட்களின் பிள்ளைகள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. பந்திக்கு முன்னால் எழுந்து நின்றேன். அவள் கையை உடைத்தது நான் என்றும், மச்சானை ஆள்விட்டு அடித்து, வெடியுப்பை வைத்துத் திருட்டுப் பழி சுமத்தியது நான் என்றும் சொன்னேன். ஒலிபெருக்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. பின்வரிசையில் சில பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் சித்தப்பா மகன் வந்து தோளைப் பிடித்து உட்காரவைத்தான்.

"அண்ணே, அண்ணி போன துக்கத்துல இருக்கீக. எந்த வீட்டுல அடி இல்ல? அதெல்லாம் சபையில பேசுறதா?" என்றான்.

"மச்சினன் மேல திருட்டுப் பழி போட்டேன்டா."

"எந்த மச்சினன்?"

"அண்ணிக்கு அண்ணன். நாக்பூர்ல இருக்காரு."

அவன் யோசித்தான். "அப்பிடி ஒருத்தர் இருந்தாரா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. "எலை போட்டாச்சு, எந்திரிங்க" என்று யாரோ சொன்னார்கள்.

அதோடு விடவில்லை. பழைய கம்பெனிக்குப் போனேன். முதலாளி இறந்துவிட்டார், பேரன் நடத்துகிறான். மச்சான் பேரைச் சொன்னதும், "யாரு சார் அது?" என்றான். அந்த நாளில் இருந்த மற்றக் கம்பெனிகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய் எழுதிக் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஓரிடத்தில் என் பேரனுக்குச் சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். அடித்த நாலு பேரில் ஒருவர் மட்டும் ஏழாயிரம்பண்ணையில் உயிரோடு இருக்கிறார், அவரையும் போய்ப் பார்த்தேன். கண் தெரியவில்லை.

"நீங்க யாரையெல்லாமோ அடிக்கச் சொல்லிருக்கீக மொதலாளி. இவரு எந்த ஆளு?" என்று கேட்டார்.

அவரையும் சேர்த்து ஊரில் ஒருவருக்கும் மச்சானை நினைவில்லை. நான் அழித்த பெயரை நினைவில் வைத்திருந்தது நாக்பூரில் அவரும் இங்கே நானும்தான். என் மனைவியும் வைத்திருந்தாள்.

அதன் பிறகுதான் மச்சானுக்குப் போன் செய்தேன். சபையில் சொல்லிவிட்டதைச் சொன்னேன். யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொரு பேராகக் கேட்டார். சொன்னேன்.

"என்ன சொன்னாக?"

நான் சுற்றி வளைத்தேன். அவர் மறுபடியும் கேட்டார்.

"ஒங்கள யாருக்கும் நெனப்பில்ல மச்சான்" என்றேன்.

அந்தப் பக்கம் டி.வி. ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ அதை அணைத்தார்கள்.

"கம்பெனில?"

"அங்கனயும் இல்ல."

"நான் அங்கன வந்தா எல்லாரும் கைய நீட்டிப் பேசுவாகன்னு என் தங்கச்சி சாவுக்கு வராம இருந்துட்டேன்லே" என்றார். குரல் உயரவில்லை. "அவ கேதத்துக்கு நான் வந்திருக்கலாம். பஸ் ஸ்டாண்டுல எறங்கி நடந்து வந்திருக்கலாம். ஒருத்தனும் என்னைய யாருன்னு கேட்டிருக்க மாட்டான்."

"இப்ப வாங்க மச்சான்" என்றேன்.

போனை வைத்துவிட்டார். அதன் பிறகு நான் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தேன், அவர் எடுக்கவில்லை. மகள் கூப்பிட்டால் எடுக்கிறார் என்று அக்கா மூலமாகத் தெரிந்தது. மே மாத விடுமுறைக்கு மகள் பிள்ளைகளோடு நாக்பூருக்குப் போய்வந்தாள். என்னிடம் அவள் மாதத்துக்கு ஒருமுறை பேசுகிறாள். மாத்திரை இருக்கிறதா என்று கேட்பாள், இருக்கிறது என்பேன். மாமா எப்படி இருக்கிறார் என்று ஒருமுறை கேட்டேன். "அதை ஏன் நீங்க கேக்குறீங்க?" என்றாள்.